தலையாட்டாத ஆள்

“எல்லாமே முடியும்னு அந்தத் தம்பி சொன்னாருக்கா, அவரையே...”

“அதுதான்டி எனக்குப் பயம்!”

நோயாளிகளின் வீட்டுக்கு நர்ஸ்களை அனுப்பும் தொழில் தொடங்கிய அக்காவும் தங்கையும் அதற்குச் செயலி எழுத ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் கணினியில் மின்னஞ்சல் அனுப்பத்தான் தெரியும். முதலில் வந்தவர் எதைக் கேட்டாலும் பூம்பூம் மாடாய்த் தலையாட்டினார். அடுத்து வந்த பெண்ணோ, “பாதி வழியில நர்ஸ் நின்னுட்டா, நோயாளிக்கு யார் சொல்லுவாங்க?” என்று கேட்டாள்.

“வேலை கேட்டு வந்தவ நமக்கே பரீட்சை வைக்கிறா!”

“வச்சா என்னடி? திருதிருன்னு முழிச்சது நாமதானே?”

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கே வேலை என்று தகவல் அனுப்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“ஏங்க்கா, நாளைக்கு அவ எழுதிக் குடுக்கறது சரியா தப்பான்னு நம்ம ரெண்டு பேர்ல யாருக்குத் தெரியப்போகுது?”