ஹாங்காங் கணக்கு

மண்ணூர்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் பட்டறை வைத்திருந்த கஜபதி, தொண்ணூற்று நாலாம் வருஷம் திடீரென்று சர்வதேசப் புள்ளி ஆகிவிட்டார். காரணம் லின் என்ற தைவான்காரர். புது மூடிக்கு மோல்டு அச்சு வரைந்து கொடுத்து, தானே வந்து மெஷினில் பூட்டி ஓட்டியும் காட்டிவிட்டுப் போனார். ஓட்டல் செலவுக்குப் பயந்து கஜபதி அவரை மேனாம்பேட்டில் தன் வீட்டு மாடியிலேயே தங்கவைத்தார். கேட்டவர்களிடம் அதற்கு விருந்தோம்பல் என்று பெயர் சொன்னார்.

லின் ஊர் போய்ச் சேர்ந்தார். இனி அவருக்குச் சேரவேண்டியதை அனுப்ப வேண்டும். மச்சினன் நாகேந்திரன் கேட்காமலே வழி சொன்னான்.

"பேங்க்கெல்லாம் வேலைக்காவாது மாமா. டவுன்ல ஒருத்தர் கீறாரு. இங்க துட்டைக் குடுத்தா அங்க லின் ஊட்டாண்டயே கொண்டாந்து குடுத்துடுவாங்க. ரசீது கிசீது ஒண்ணும் கெடையாது. எல்லாம் நம்பிக்கைதான்."

"போன தபா உன்ன நம்பி சீட்டு போட்டேனே, அந்த நம்பிக்கையா?"

நாகேந்திரன் மீதிக் காபியைக் குடித்துவிட்டு மரியாதையாகக் கிளம்பினான்.

பாதுகாப்புதான் முக்கியம் என்று கஜபதி பேங்க்குக்கே போனார். அம்பத்தூர் கிளையில் வெளிநாட்டு விவகாரங்களைப் பார்த்தவர் தாட்சாயிணி. ஒப்பந்தம் கேட்டார், பில் கேட்டார், ஆடிட்டர் சான்று கேட்டார், வருமானவரி ஆபீஸ் கடிதமும் கேட்டார். அவர் கேட்டதையெல்லாம் சேர்ப்பதற்குள் லின் மறுபடி கிளம்பி வந்து, நேரிலேயே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

எல்லாம் சேர்ந்த சமயத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கத்து டெலிபோன் பூத்தில் கஜபதி பெயருக்கு ஒரு ஃபேக்ஸ் வந்து இறங்கியது. வீட்டில் அதைத் தமிழாக்கி மனைவி சுசீலாவுக்குப் படித்துக் காட்டினார். "மரியாதைக்குரிய ஐயா, எங்கள் பழைய கணக்கில் தணிக்கை நடக்கிறது. பணத்தை ஹாங்காங்கில் உள்ள புதிய கணக்குக்கு உடனே அனுப்பவும்." மேலே லின் கம்பெனியின் முத்திரை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இன்னாங்க, அந்த மனுசன் எப்பவும் 'கஜா பாஸ்'னுதானே எழுதுவாரு? இது இன்னா புதுசா ஐயா, மரியாதைன்னுகினு? ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

"ஃபாரினுக்குப் போன் பேச இன்னா ஆவும் தெரியுமா உனக்கு? அதான் முத்திரை கீதுல்ல?"

வானகரத்தில் அப்பா வைத்துவிட்டுப் போன நிலத்தில் பாதியை விற்ற பணம் அது. அதை முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்பத் துணிந்த வள்ளல், போன் செலவைக் கணக்குப் பார்த்தார். ஹாங்காங் கணக்கு எண்ணையே மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு வாரம் அசைவே இல்லை. கஜபதி ஒருநாள் காலையில் பேங்க்குக்குப் போய், கிளை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"இன்னா மேடம், மனு மேல உக்காந்து அட காக்கிறீங்களா? ஒரு வெளிநாட்டுக்காரன் முன்னாடி என் மானம் போவுது!"

தாட்சாயிணி ஏதோ கேட்க வாயைத் திறந்தார்; கஜபதி பேச விட்டால்தானே. "இன்னைக்குப் போயிடும் சார்," என்றார் கடைசியில், தலை நிமிராமல்.

வெற்றி வீரராக வீடு திரும்பியவரைச் சுசீலா விடவில்லை. "நான் வச்ச கருவாட்டுக் கொழம்பத் துன்னுட்டு வயித்தப் புடிச்சிகினு போன மனுசன். எப்படிக் கீறாருன்னு ஒரு வார்த்த கேக்க வாணாமா?" பணம் போன செய்தியைத் தன் வாயால் சொல்லும் பெருமையும் சேர்ந்தே கிடைக்கும் என்பதால் கஜபதி அவளையும் கூட்டிக்கொண்டு பூத்துக்கு வந்தார்.

வயிறு நலமாம். கஜபதி தொண்டையைச் செருமிக்கொண்டு தன் இங்கிலீஷில் அறிவித்தார்: "உங்க ஹாங்காங் கணக்குக்குப் பணம் புறப்பட்டாச்சு."

"எந்த ஹாங்காங், கஜா பாஸ்?" என்றார் லின். "எனக்கு அங்கே கணக்கே கிடையாதே. போன மாசம் ஆபீசிலிருந்து ஒருத்தனை விரட்டினேன். போகும்போது லெட்டர்பேடையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான் போலிருக்கிறது!"

கஜபதி ரிசீவரைப் போட்டார். பில்லைச் சுசீலா தலையில் கட்டிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். அரிசிமூட்டை லாரி ஒன்றை இடது பக்கமாக முந்தினார். அப்பாவின் நிலம் யாரோ ஒருத்தன் பாக்கெட்டுக்குப் போவதை நினைத்து வழியெல்லாம் வாய்விட்டுப் புலம்பினார்.

"மேடம், அனுப்பிட்டீங்களா? ஐயோ, அனுப்பாதீங்க மேடம்!"

தாட்சாயிணி நிதானமாக மேசையிலிருந்து மனுவை எடுத்தார். "பாரீஸ் கார்னர் ஹெட் ஆபீசுக்குப் போற பை இன்னும் கட்டலை சார். மனுவில ஹாங்காங்னு இருக்கு, பில்லில தைவான்னு இருக்கு. அதைக் கேட்கத்தான் இவ்வளவு நாளா நிறுத்தி வச்சிருந்தேன். காலையில கேட்கலாம்னு வாயைத் திறந்தேன், நீங்க பேச விடலை."

கஜபதி எதிரே இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். காலையில் கத்தியதற்கு மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அதற்கு அவருக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

புது மனுவில் லின்னுடைய பழைய கணக்கே ஏறியது. பத்து நாளில் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

இப்போது எஸ்டேட் டீக்கடையில் கஜபதி நின்றால் சுற்றிலும் கூட்டம். பக்கத்துப் பட்டறை பாஸ்கரன் வாய் பிளந்து கேட்டான், "எப்படிண்ணே கண்டுபுடிச்சீங்க?"

"முத்திரையப் பாத்ததுமே எனக்குப் பொறி தட்டிச்சுப்பா. பேங்க்காரங்களும் கொஞ்சம் ஒத்தாச பண்ணாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா அவங்களுக்கு எடுத்துச் சொன்னது யாரு?"

கறிகாய் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த சுசீலா இதைக் காதில் வாங்கினாள். பாஸ்கரனைப் பார்த்து, "நல்லாக் கேட்டுக்கோ நைனா. இந்தக் கத இன்னும் வளரும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.