பேச்சியக்காவின் முகம்

தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்த வள்ளித்தாய்க்குத் தன் முகத்தைப் பற்றி எந்தக் குறையும் கிடையாது. குறையெல்லாம் மற்றவர்களுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் நகராட்சிப் பூங்கா ரேடியோவுக்கு முன்னால் ஊரே கூடி நின்று ‘பேச்சியக்கா வீடு’ நாடகம் கேட்கும். பேச்சியக்கா தன் புருஷனை வறுத்தெடுப்பதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அதே ஜனம் மறுநாள் காலையில் வள்ளித்தாய் கடைக்கு வந்து குடத்தைத் தட்டிப் பார்க்கும். “பேச்சியக்கா நான்தான்” என்று அவள் சொன்னால் மட்டும் நம்பாது. பேச்சியக்கா என்றால் வெள்ளைவெளேரென்று, நல்ல பூரிப்பாக, இரண்டு மூக்கிலும் வைரம் டாலடிக்க இருப்பாள் என்று ஊர் தானாகவே முடிவு கட்டியிருந்தது. வள்ளித்தாயோ கறுப்பு. ஒல்லி. முன்பல் இரண்டும் உதட்டுக்கு அடங்காமல் எட்டிப் பார்க்கும்.

“அவுகள மாதிரியே பேசுதியளே! எங்க படிச்சிய?” என்று கேட்டாள் ஒருத்தி, குத்துக்கல்வலசைக்காரி.

வள்ளித்தாய் சிரித்துக்கொண்டே குடத்துக்கு விலை சொன்னாள். உள்ளுக்குள் சுருக்கென்றது. மூன்று வருஷமாக ரேடியோவில் பேச்சியக்காவாகப் பேசி ஒரு ஊரைச் சிரிக்க வைக்கிறவளுக்கு, அந்தச் சிரிப்பைத் தன் முகத்துக்கு நேராக ஒரு தடவையாவது வாங்க வேண்டும் என்ற ஆசை இருக்காதா? இருந்தது. கொள்ளையாக இருந்தது.

அதனால்தான் அறுபத்தேழாம் வருஷம் நம்பிராஜன் வந்து, “பேச்சியக்கா வீட்டைச் சினிமாவா எடுக்கப் போறேன்” என்றபோது, அவள் கேட்ட முதல் கேள்வி, “பேச்சியக்காவா யாரு நடிக்கா?” என்பதுதான்.

நம்பிராஜன் கீழப்பாவூர்க்காரன். மெட்ராஸ் ஸ்டுடியோக்களில் பத்து வருஷம் உதவி டைரக்டராகக் கிளாப் பலகையைத் தட்டிவிட்டு, முதல் படத்தை எடுக்கச் சொந்தச் சீமைக்கே திரும்பி வந்திருந்தான். பணம் போடுகிறவர் அய்யாத்துரை அண்ணாச்சி, புளியங்குடியில் எலுமிச்சங்காய்க் கமிஷன் மண்டி. நாடகத்தை எழுதிய ஏசுதாசன் சார்வாள் சம்மதித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாரான அவர்தான் ரேடியோவில் பேச்சியக்காவின் புருஷனும். அந்தப் புருஷனுக்கு இதுவரை ஒரு வசனம் கூடக் கிடையாது. வெறும் செருமல்தான். பேச்சியக்கா பேசுவாள், அவர் “ம்க்கும்” என்று செருமுவார், அந்தச் செருமலுக்கு அவள் ஒரு அர்த்தம் கண்டுபிடித்து மறுபடி ஆரம்பிப்பாள். நாடகம் முழுக்க அவ்வளவுதான்.

“செருமுததுக்கு எந்த மூஞ்சியா இருந்தா என்ன, சார்வாளே இருக்கட்டும்” என்று தாராளமாகச் சொன்னார் அய்யாத்துரை அண்ணாச்சி. பிறகு வள்ளித்தாயை மேலும் கீழும் பார்த்தார். “தாயி, கோவிச்சிக்கிடாத. காய் நல்ல காய்தான். ஆனா கூடையும் பாக்க லெச்சணமா இருந்தாத்தான் மெட்ராஸ்ல ஏலம் ஏறும். நீ குரலைக் குடு. மூஞ்சிக்கு ஆளு ஏற்பாடு பண்ணிருக்கேன்.”

இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். வள்ளித்தாய் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். “அண்ணாச்சி, மொத நாலு நாள் நான் நடிக்கேன். தேறலைன்னா நானே ஒதுங்கிக்கிடுதேன். குரலையும் முழுப் படத்துக்கும் பேசிக் குடுத்திருதேன். ஒரு சொல் மாற மாட்டேன். ஆனா தேறினா, பேச்சியக்கா நான்தான். சம்மதமா?”

அண்ணாச்சி சம்மதித்தார். எப்படியும் குரல் கிடைத்துவிடும், இழக்க அவருக்கு என்ன இருக்கிறது?

குற்றாலத்தில் ஒரு பங்களாவைப் பேச்சியக்கா வீடாக மாற்றியிருந்தார்கள். சாரல் காலம். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, அருவியில் குளித்துவிட்டு வருகிற கூட்டம் ஈரத்துணியோடு நின்று எட்டிப் பார்க்கும். முதல் இரண்டு நாளும் வள்ளித்தாய் வசனத்தைத் தண்ணீர் மாதிரிக் கொட்டினாள். மறந்தது கிடையாது, தடுமாறியது கிடையாது. அவளுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. இருந்தும் கேமராக்காரர் நம்பிராஜன் காதில் என்னவோ கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார். எடுத்த ஃபிலிம் செங்கோட்டை ரயிலில் மெட்ராஸுக்குப் போய், கழுவித் திரும்பி வருகிறவரை வேலை நின்றது.

வந்ததைத் தென்காசியில் ஒரு தியேட்டரில் காலை நேரத்தில் போட்டுப் பார்த்தார்கள். வள்ளித்தாய் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய திரையில் தன் முகம் வந்ததும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குழப்பம் வந்தது. திரையில் இருக்கிற பேச்சியக்கா புருஷனைத் திட்டுகிறாள், பாலைக் காய்ச்சுகிறாள், விளக்குமாற்றைத் தூக்குகிறாள். எதைச் செய்தாலும் முகம் மட்டும் மேலே பார்த்தே இருக்கிறது. உத்தரத்தில் பல்லி ஓடுவதைக் கவனிக்கிறவள் மாதிரி.

“என்னய்யா இது! கோழி தண்ணி குடிக்குத மாதிரில்லா நிக்கா!” என்றார் அய்யாத்துரை அண்ணாச்சி.

முதலில் சிரித்தவள் வள்ளித்தாய்தான். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ரேடியோ நிலையத்தில் மைக்கை விட்டு வாயைத் திருப்பினால் குரல் ஓடிப்போகும். பக்கத்தைப் புரட்டும்போதும், நகரும்போதும், தும்மல் வந்தாலும், முகம் மைக்குக்கு நேராகவே நிற்க வேண்டும். மூன்று வருஷத்தில் அது எலும்பில் ஊறிவிட்டது. சினிமாவிலோ மைக்கை ஒரு நீளக் கம்பின் நுனியில் கட்டித் தலைக்கு மேலே பிடிக்கிறார்கள். மைக் எங்கே போனதோ அங்கே அவள் முகமும் போயிருக்கிறது.

“அவ்வளவுதானே? நாளைக்குப் பாக்க மாட்டேன். விடுங்க” என்றாள்.

சொன்னபடி மூன்றாம் நாள் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைக் கீழே பிடித்து வைத்தாள். முகம் நின்றது. குரல் செத்தது. ஒத்திகையைச் சுற்றி நின்று கேட்ட விளக்குக்காரர்கள்கூட ஒரு புன்னகை பூக்கவில்லை. மறுபடி எடுத்தார்கள். குரல் உயிரோடு வந்தால் முகம் மேலே போயிற்று, முகத்தைக் காப்பாற்றினால் குரல் போயிற்று. சாயங்காலம் வரை இதே பாடு.

நான்காம் நாள் காலையில் அவள் வந்தபோது, மெட்ராஸ் நடிகை ஹேமலோசனி பேச்சியக்காவின் கண்டாங்கிச் சேலையைக் கட்டி, இரண்டு மூக்கிலும் கல் மின்ன, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அய்யாத்துரை அண்ணாச்சி காத்திருக்கிற சாதி கிடையாது. சுவருக்கு வெளியே இருந்த கூட்டம் குதூகலித்தது. செங்கோட்டையிலிருந்து குளிக்க வந்திருந்த ஜாஹிரா பீவி என்பவள் தலையில் துண்டோடு முன்னால் முண்டியடித்து வந்து, “பேச்சியக்கோவ்! ஒரு வார்த்த பேசுங்கக்கா, கேப்போம்!” என்று ஹேமலோசனியைப் பார்த்துக் கூவினாள். ஹேமலோசனி பாவம், அழகாகக் கையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்?

அந்த ஒரு கூப்பாட்டில் வள்ளித்தாய்க்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தப் படம் ஓடினால் காலாகாலத்துக்கும் பேச்சியக்காவின் முகம் அதுதான். தன் குரல் இன்னொருத்தி வாய்க்குள்ளிருந்து வரும். கடைக்கு வருகிற ஜனம் அதன்பிறகு சந்தேகம்கூடப் படாது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் வந்தால் அவளுக்கு மூளை நன்றாக ஓடும், அது ஒரு வரம்.

ஓரமாக நின்றுகொண்டிருந்த ஏசுதாசனிடம் விறுவிறுவென்று போனாள். “சார்வாள், ரேடியோவுல பேசும்போது நான் எதப் பாத்துப் பேசுவேன்?”

“மைக்கத்தான்.”

“மைக்குக்கு அந்தப் பக்கம் யாரு நிப்பா?”

ஏசுதாசன் யோசித்தார். “நான்தான் நிப்பேன். ஒரே மைக்குல்லா. நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்.”

“அப்ப மூணு வருசமா நான் ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் திட்டிட்டு இருந்திருக்கேன். இங்கன ஒங்களக் கீழ உக்கார வச்சிட்டு மைக்க மட்டும் மேல தூக்கிட்டாவ. கீழ இருக்க ஒங்களப் பாத்தா குரல் செத்துப் போவுது, மேல இருக்க மைக்கப் பாத்தா மூஞ்சி மேல போவுது. நான் ஒருத்தி எந்தப் பக்கம்னு பாப்பேன்?” திரும்பி நம்பிராஜனைக் கூப்பிட்டாள். “தம்பி, என் மூஞ்சி மைக்கத்தான் பாக்கும். அத மாத்த முடியாது, நேத்தே பாத்தாச்சு. நீங்க மைக்க மாத்துங்க. கொண்டுபோய்ச் சார்வாள் மடியில வைங்க.”

“மைக் படத்துல தெரிஞ்சிரும்க்கா.”

“அதுக்கு நீங்கதான வழி சொல்லணும். நீங்கதான டைரக்டரு.”

நம்பிராஜன் ஏசுதாசனைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. நாற்காலியைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் போட்டு, அதில் ஏசுதாசனைக் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தான். மைக்கைக் கம்பிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்து, நெஞ்சோடு பிடித்துக்கொள்ளச் சொன்னான். அவருடைய அகலமான முதுகு எல்லாவற்றையும் மறைத்தது. “ரேடியோவுல யாருமே பாக்காத புருசன். படத்துலயும் முதுகு மட்டும் தெரிஞ்சா போதும்” என்றான்.

“இது சரிவரலைன்னா இத்தோட முடிஞ்சுது” என்றார் அய்யாத்துரை அண்ணாச்சி. வள்ளித்தாய் தலையாட்டினாள். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அவளிடம் இல்லை.

விளக்கு எரிந்தது. சுவருக்கு வெளியே இருந்த கூட்டத்தைச் சத்தம் போடாதீர்கள் என்று கெஞ்சி அடக்கினார்கள். வள்ளித்தாய் எதிரே வந்து நின்றாள். ஏசுதாசனின் கையில் மைக். மைக்குக்குப் பின்னால் அந்தத் திருட்டு முழி முழிக்கிற முகம். அவளுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

“ஏங்க, குத்தாலத்துல அருவி மலையில விழுதுன்னு ஊரு சொல்லுது. அது நம்ம அடுப்படியிலல்லா விழுது! சீசன்னு சொல்லி ஒங்க சொந்தம் பூராவும் இங்கனதான குளிக்க வருது? போன வருசம் ஒங்க தங்கச்சி மாப்பிள்ள ஒரு நாள் தங்குதேன்னு வந்தாவ. அவுக தலையில தேச்ச எண்ணெயில ஒரு கல்யாணத்துக்கே அப்பளம் பொரிச்சிருக்கலாம்.”

“ம்க்கும்” என்றார் ஏசுதாசன்.

“என்ன செருமலு? இந்தச் செருமலு எனக்குத் தெரியாதா? இந்த வருசமும் வாராவளா?”

“ம்க்கும். ம்க்கும்.”

“ரெண்டு செருமலா!” வள்ளித்தாய் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நெருங்கி வந்து, மைக்குக்குள்ளேயே இறங்கிவிடுகிறவள் போல் குனிந்தாள். “ஏ பாவி மனுசா, அப்ப அவுக அம்மாவுமா?”

சுவருக்கு வெளியே ஒரு கிழவர்தான் முதலில் உடைந்தார். அடுத்த நொடி சுவர் முழுக்க வெடித்தது. நம்பிராஜன் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். யார் கேட்டார்கள்? விளக்குக்காரன் விளக்கைப் பிடித்தபடி குலுங்கினான். ஏசுதாசனின் முதுகுகூட ஆடியது. ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றி மேஜையில் எறிந்தார். “டேக் போச்சு! சிரிச்சுக் கெடுத்துட்டாங்க!”

“போகட்டும்யா” என்றார் அய்யாத்துரை அண்ணாச்சி. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “போனா போவுது. இன்னொரு தடவ எடுங்க. இதே மூஞ்சிய வச்சே எடுங்க.” ஹேமலோசனி அண்ணாச்சியின் வாயைப் பார்த்துக்கொண்டே மூக்குக் கற்களைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வள்ளித்தாய் அந்தக் கூட்டத்தைப் பார்த்தபடியே நின்றாள். அத்தனை கண்ணும் அவள் மேல். அத்தனை வாயும் திறந்திருந்தது. மூன்று வருஷத்துப் பாக்கி மொத்தமாக வந்து சேர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அதற்குள் ஜாஹிரா பீவி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். தடுத்தவனை ஒரு பார்வையில் விலக்கி, நேராக வள்ளித்தாயிடம் வந்து, மோவாயைப் பிடித்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். “நீங்கதானா அது? நான் வேற முகம்லா நெனச்சி வச்சிருந்தேன்!”

“எப்படி இருப்பா ஒங்க பேச்சியக்கா?” என்று கேட்டாள் வள்ளித்தாய்.

ஜாஹிரா பீவி சொல்ல வாயெடுத்தாள். கண்ணை இறுக்கி மூடி யோசித்தாள்.

“ரப்பே, இத்தன நாளும் கண்ணுக்குள்ளயே இருந்தாவ. இப்ப கண்ண மூடினா நீங்கல்லா நிக்கிய.”