மூன்றாம் தட்டு

கதிரவன் வானுச்சியில் ஏறி நின்று, நிழல்களையெல்லாம் அதனதன் காலடிக்குள் சுருட்டி வைத்த நண்பகல் வேளை. துறைமுகத்து நீர்ப்பரப்பு உருக்கிய வெள்ளியென மின்ன, கரைசேர்ந்த படகுகள் வயிறு ஒழிந்த களைப்பில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்க, மீன்சந்தையின் தளம் கழுவிய நீர் செதில்களைச் சுமந்துகொண்டு வடிகால் தேடி ஓட, அத்தனைக்கும் மேலே கடற்காகங்கள் வட்டமிட்டு வசைபாடின. சந்தையிலிருந்து மேடேறும் கல்பாவிய தெருவில் அடுப்புகள் அவிந்து, இருக்கைகள் இழுக்கப்பட்டு, தட்டுகள் பரப்பப்பட்டன. கற்றறிந்த பெருமக்களே, உலகத்துத் தெருக்களெல்லாம் அவ்வேளையில் உண்ணத் தொடங்கும்; இத்தெரு மட்டும் கையைத் தட்டில் வைத்தபடி காத்திருந்தது. பூட்டுப் பழுதுபார்ப்பவர் வீட்டிலிருந்து நாள்தோறும் எழும் ஒலி அன்று எழவில்லை.

அவ்வொலியின் பெருமையைச் சொல்லாது மேலே செல்வது பெரும்பிழை. பூட்டுக்காரரின் மனைவி மீன்சந்தையில் ஏலம் கூவுபவள். அவள் 'ஒரு தரம்' என்று வாய்திறந்தால், கூடையில் கிடக்கும் மீன் உயிர்பெற்று ஒருமுறை துள்ளிவிட்டு மீண்டும் படுக்கும். 'இரண்டு தரம்' என்றால், நடுக்கடலில் வலைவீசுவோர் தம்மை வீட்டார் அழைத்ததாக எண்ணிப் படகைத் திருப்புவர். 'மூன்று தரம்' என்று பலகையில் கையறைந்தால், மணிக்கூண்டின் முள் திடுக்கிட்டு நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, பிறகே நகரும். மிகை என்று நகைக்கிறீர்கள். தெருவாரைக் கேட்டுப் பாருங்கள், நான் குறைத்தே சொன்னேன் என்று சினப்பார்கள்.

அத்தகைய வாய் வீட்டு வாயிலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கக் கூடியதா? சுவரில் தொங்கிய மரச்சிலுவையை நிமிர்ந்து நோக்கி, உண்ணுமுன் அவள் எழுப்பும் மன்றாட்டும் ஏலமாகவே முழங்கும். ஒவ்வொரு தரத்திற்கும் உள்ளங்கை மேசையில் விழும்.

"ஆண்டவரே, வலையில விழுந்த மீனுக்கு நன்றி, ஒரு தரம்! நீர் எனக்குக் குடுத்த இந்தத் தொண்டைக்கு நன்றி, ரெண்டு தரம்! பக்கத்துல கண்ண மூடாம தட்டையே பாத்துக்கிட்டிருக்கிற இந்த மனுஷனுக்கும் நன்றி, கொஞ்சம் புத்தியும் சேத்துக் குடும், மூணு தரம்! ஆமென்!"

"மெல்லச் சொல்லேன். ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்பார் பூட்டுக்காரர்.

"அவருக்கு இருக்குங்க. உங்களுக்கு இருக்கான்னுதான் எனக்குத் தெரியல."

மூன்றாம் தட்டுக்குத் தெருவெங்கும் கரண்டிகள் எழும். அப்பெருங்குரலைக் குறைகூறாத வீடும் இல்லை. அது கேளாமல் உண்ணத் தொடங்கிய வீடும் இல்லை.

அந்தத் தொண்டையில்தான் ஒரு கட்டி முளைத்தது. மருத்துவர்கள் குரல்வளையை அறுத்தெடுத்து உயிரை மட்டும் திருப்பித் தந்தனர். கழுத்தில் வெண்துணி கட்டி, மூச்சுக்கென அமைத்த சிறு துளையோடு வீடு திரும்பியவளுக்கு வீட்டில் அன்றுதான் முதல் நண்பகல்; அவள் வந்துவிட்டாள் என்றறிந்தே தெருவும் காத்திருந்தது. "நல்லா சாப்பிட வைங்க. சாப்பிடலைன்னா புண் ஆறாது. மறுபடியும் படுக்கையும் குழாயும்தான்" என்று மருத்துவர் சொன்ன சொல், கதவிடுக்கில் சிக்கிய விரலாகப் பூட்டுக்காரரின் நெஞ்சில் வலித்துக்கொண்டிருந்தது.

காயும் கிழங்கும் குழைய வேகவைத்து, வடித்த சாற்றை ஊதி ஆற்றி அவர் அவள்முன் வைத்தார். அவள் கரண்டியைத் தொடவில்லை. சிலுவையைச் சுட்டினாள், பிறகு அவர் வாயைச் சுட்டினாள். விலையெண்களன்றி எழுத்தறியாதவள் அவள். ஆயினும் அந்த விரல் சொன்னது குழந்தைக்கும் விளங்கும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரிலுள்ள பூட்டுகளெல்லாம் அவர் விரல் பட்டால் வெட்கமின்றித் திறந்துகொள்ளும். அவர் வாயில் அன்று விழுந்திருந்த பூட்டுக்கோ திறவுகோல் அவரிடமே இல்லை. அவள் தட்டைத் தள்ளினாள். அவர் அதை இழுத்து வைத்தார். மீண்டும் தள்ளினாள். ஆற்றிய சாறு ஆறி அவலமாகியது.

மேல்வீட்டிலிருந்து அவள் தம்பி இறங்கி வந்தான். பேருந்து ஓட்டுபவன், குடும்பக் குரலில் தன் பங்கைக் குறைவறப் பெற்றதனால் 'ஹாரன்' என்றே பெயர்பெற்றவன்.

"என்ன மச்சான், தட்டுற சத்தத்தையே காணோம்? தெருவே சாப்பாட்ட வச்சிக்கிட்டு முழிச்சிட்டிருக்கு."

"உன் அக்கா சாப்பிட மாட்டேங்கிறாடா. நான் ஜெபம் சொல்லணுமாம்."

"சொல்லிட்டுப் போங்களேன். வாயத் தொறக்க வாடகையா கேக்குறாங்க?"

"எதுக்குடா நன்றி சொல்லச் சொல்ற? அவ கழுத்தப் பாரு. பாத்துட்டு நீ சொல்லு!"

"சரி, நானே சொல்றேன். அக்கா, கண்ண மூடு. ஆண்டவரே, சாப்பாட்டுக்கு நன்றி, ஆமென், போலாம் ரைட்!"

நிறுத்தத்தை விட்டுப் புறப்படும் வண்டியின் விரைவில் அவன் சொல்லி முடித்தான். அவள் கை மேசையில் விழவில்லை. யாரிடம் விலை கேட்டு நிற்கிறாளோ, அவர் வாய்திறவாமல் இடையில் எவன் கூவினாலும் அவள் பலகை தட்டியதாக அச்சந்தையில் கதையில்லை. தம்பியை ஒருமுறை இரக்கத்தோடு நோக்கிவிட்டு, தட்டை அவன்பக்கமே தள்ளினாள்.

அக்கணத்தில் பூட்டுக்காரர் எழுந்தார். நாற்காலி பின்னே கவிழ்ந்தது. அடைத்த மடை உடைந்தாற்போல, சிலுவையை நேர்நின்று நோக்கிக் கூவினார்.

"கேக்குதா உமக்கு? ஊருக்கே கேட்ட குரலு. தினமும் உம்மத்தான கூப்பிட்டுச்சு! பொய் சொல்ற தொண்டை ஊர்ல எத்தன இருக்கு, அதுல ஒண்ணப் பாத்து எடுத்திருக்கக் கூடாதா? உம்ம மேல எனக்குக் கோவம். நன்றின்னு வாயால பொய் சொல்ல என்னால முடியாது. முடியாதுன்னா முடியாது!"

மேசையில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது.

அவர் திரும்பினார். அவள் உள்ளங்கை மேசைமேல் விரிந்திருக்க, மற்றொரு கையின் ஒற்றை விரல் நிமிர்ந்து நின்றது.

"என்னடி இது? நான் சண்டை போடுறேன், நீ ஏலம் போடுறியா?"

அவள் சிலுவையையும் அவர் வாயையும் மாறி மாறிச் சுட்டித் தலையசைத்தாள்.

"மச்சான்," என்றான் தம்பி, "நீங்க இப்பப் பேசினது அவர்கிட்டதான? அக்கா கணக்குல அதுவும் ஜெபந்தான். ஒரு தரம் ஆயிடுச்சு. மேல சொல்லுங்க, எனக்கும் பசிக்குது."

பூட்டுக்காரர் நாற்காலியை நிமிர்த்தி அமர்ந்தார். என்ன சொல்வதென்று அறியாத நா, பக்கத்திலிருந்து நாள்தோறும் கேட்டுக் கேட்டு ஊறிய தடத்திலே தானாக இறங்கி ஓடியது.

"வலையில விழுந்த மீனுக்கு நன்றி. நீர் எனக்குக் குடுத்த இந்தத் தொண்டை..."

அங்கே நின்றது. காதில்லாதவர் என்று ஏளனஞ்செய்யப்பட்டவர் ஒரு சொல்லும் விடாமல் கேட்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. தம்பி தரையைப் பார்த்தான். அவளோ கையை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். சந்தையில் விலை ஏறுமா என்று பார்த்து நிற்கும் அதே கை, அதே நிமிர்வு. கழுத்துத் துணி மூச்சுக்கு மூச்சு எழுந்து தாழ்ந்தது. கண்ணில் நீர் இருந்தது, கெஞ்சல் இல்லை.

"இருந்த தொண்டைக்கு நன்றி" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "எடுத்ததுக்கு இல்ல. அதுக்குச் சொல்ல மாட்டேன். இருந்ததே, அதுக்கு. நான் கேட்டேனே, அதுக்கு."

தூக்கிய கை அசையாமல் நின்றது. அவள் எண்ணிப் பார்த்தாள். குறைந்த விலைக்கு எதையும் விட்டவளல்லள். பொய் விலைக்கும் விட்டவளல்லள். இது மெய் என்று கண்டாள். கை விழுந்தது. இரண்டு விரல்கள் நிமிர்ந்தன.

தடை நீங்கிய நா மேற்கொண்டு விரைந்தது: "பக்கத்துல கண்ண மூடாம தட்டையே பாத்துக்கிட்டிருக்கிற இந்த மனுஷனுக்கும் நன்றி, கொஞ்சம் புத்தியும் சேத்துக்..."

"மச்சான்!" என்று அலறினான் தம்பி. "அது உங்களத்தான்! அப்படியே கேளுங்க, நிறையவே கேளுங்க!"

ஏலக்காரி சிரித்தாள். ஓசையற்ற சிரிப்பு; தோள்கள் குலுங்கின, மேசை குலுங்கியது, சுவரில் சிலுவையும் சற்றே ஆடியதாக அவ்வீட்டார் இன்றும் சாதிப்பர்.

"குடும்" என்று மெல்ல முடித்தார் பூட்டுக்காரர். "ஆமென்."

மூன்றாம் தட்டு விழுந்தது. பெருமக்களே, அதை எப்படிச் சொல்வேன்! குரலில் இருந்த வலிமையெல்லாம் கைக்கு இறங்கிவிட்டதோ என்னும்படி தட்டுகள் எழும்பிக் கூத்தாடின. உப்புச்சிமிழ் பலகணி வழியே தெருவுக்குக் குதித்து ஓடியது. கடற்காகங்கள் மன்னிப்புக் கோரி மறுகரைக்குப் பறந்தன. மேட்டுத்தெருவெங்கும் கரண்டிகள் ஒருங்கே ஒலித்தன. அவள் குனிந்து, ஆறிப்போன சாற்றில் முதல் வாய் எடுத்து, வலியோடு விழுங்கி, அடுத்த கரண்டிக்குக் கையை நீட்டினாள்.

இன்றும் நண்பகல்தோறும் துருவேறிய தாழ்ப்பாள் போன்ற அவர் குரல் எழுகிறது. அவள் கை விழுகிறது. தெரு முணுமுணுத்தபடி உண்கிறது. சில நாள் நன்றி வருகிறது. சில நாள் சண்டை மட்டுமே வருகிறது. இறைவன்முன் கொண்டுவரப்பட்டதெனில் இரண்டையும் அவள் ஏற்றுக்கொள்கிறாள். துயரமும் அந்த ஏலத்துக்கு நாள் தவறாமல் வந்து, கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, அவர்களுடைய அந்த நாளைத் தனக்கென விலைகேட்கத்தான் செய்கிறது. கேட்கட்டும். மூன்றாம் தட்டு விழுந்தபின் பொருள் கைமாறிவிட்டது. அதன்மேல் எவரும் விலைகேட்க இயலாது.