வசீருக்குக் கிடைத்த கைதட்டல்

புலம்பெயர்ந்த தமிழர்களின் வில்லரே நாடக மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நாடகம் போட்டாலும் முடி தலைவரின் தலையில்தான். தலைவர் சிவராசாவுக்கு நடிப்பு மருந்துக்கும் வராது; ஆனாலும் அவர்தான் ராசா. இந்த வருடம் சுல்தான்.

நாடகத்தை எழுதியவர் செயலாளர் யோகேந்திரன். தக்காணத்து சுல்தானின் அரியணைக்கு ஆசைப்பட்டு அழிந்துபோன முதலமைச்சரின் கதை; அந்த வசீர் வேடமும் அவருக்கே. பகலெல்லாம் சென்ட் லோரன்ட் பக்கத்து மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டி அடுக்குகிற மனிதர். அங்கே அவரை யார் மதித்தார்கள்? மன்றம்தான் அவருக்கு எல்லாம். பதினாறு வருடம்! மண்டபம் பிடிப்பது இவர், தலைவரின் பேச்சை எழுதுவது இவர், மாலை மட்டும் அவர் கழுத்தில். எவ்வளவு காலம்தான் பொறுப்பது? வருகிற ஞாயிறு பொதுக்கூட்டம். 'தலைவருக்கு வயது போய்விட்டது, ஆட்களின் பெயரே மறக்கிறார், பொறுப்பை என்னிடம் தாருங்கள்' என்று தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி, உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கச் சொல்லி அருமைநாதனிடம் கொடுத்தார். அருமைநாதன் அவருக்குக் கூடப்பிறக்காத தம்பி.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை, நான் பாக்கிறன்" என்றான் அவன். பார்த்தான்தான், நன்றாகவே பார்த்தான்!

நாடகத்தன்று கடைசிக் காட்சி. வசீர் மண்டியிட்டிருந்தார். சுல்தான் கட்டளையை வாசித்துத் தண்டனை சொல்ல வேண்டும். கையிலிருப்பது பெயருக்கு ஒரு வெற்றுத்தாள். வசனம் நாலே வரி, மனப்பாடம். ஆனால் சிவராசா தாளை விரித்துவிட்டு இடுப்பிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். யோகேந்திரன் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"'சுல்தானுக்கு வயது போய்விட்டது. ஆட்களின் பெயரே மறக்கிறார். பொறுப்பை என்னிடம் தாருங்கள்.' வசீரே, இது உமது கையெழுத்துத்தானே?"

ஐயோ! அவருடைய கடிதமேதான். தலைவர் என்ற இடத்தில் சுல்தான், அவ்வளவுதான் மாற்றம். காவலன் வேடத்தில் வாளோடு நின்ற அருமைநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்று முதல் இந்த வாசலில் உன் கால் படக்கூடாது!"

யோகேந்திரன் வாயைத் திறந்தார். வசீருக்கு அந்த இடத்தில் வசனம் இல்லை. அவர்தான் எழுதாமல் விட்டிருந்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. என்ன நடிப்பு என்று சனம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.

திரைக்குப் பின்னால் சிவராசா முடியைக் கழற்றினார். "மண்டபத் திறப்பைத் தாரும். ஞாயிற்றுக்கிழமை நீர் வரத் தேவையில்லை. கமிட்டி முழுக்க ஒத்துக்கொண்டிட்டுது."

யோகேந்திரன் வசீரின் அங்கிக்குள்ளிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். பதினாறு வருடமும் அத்தோடு முடிந்தது.

வாசலில் அவர் மனைவி புஷ்பராணி வாயெல்லாம் பல்லாக நின்றாள். "என்ன அழுகையப்பா அது! நானும் அழுதுபோட்டன். இஞ்சருங்கோ, ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சேலையைக் கட்டுறது? இனித் தலைவற்றை மனிசியெல்லோ நான்!"

சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தார்.

"பச்சையைக் கட்டும்" என்றார்.