நாய்க்குச் சொன்ன பத்தியம்

மீந்த கஞ்சியைக் கொல்லையில் கொட்டிவிடலாம் என்று லீமாரோஸ் சட்டியைச் சாய்த்தபோது, டைசன் வந்து மூக்கை உள்ளே நுழைத்தது.

பதினாலு வயது நாய். பல் பாதி போய்விட்டது. பின்னங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அது இத்தனை வேகமாக வந்ததே அவளுக்கு ஆச்சரியம். முன்கூடத்தில் அவள் புருஷன் அருளானந்தம் பெட்டிக்குள் படுத்திருந்தார். விடியற்காலை ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்று, பத்து மணிக்குத் தங்கச்சிமடம் வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. நாலு மணிக்கு மாதா கோயிலில் பூசை. அவரை எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. இருந்ததெல்லாம் நேற்று அவருக்காக வைத்த உப்பில்லாக் கஞ்சியும், நாய்க்காகப் பொரித்த காரல் கருவாடும்தான்.

கருவாட்டுச் சோற்றைக் காலையிலேயே நாயின் தட்டில் போட்டிருந்தாள். அது மோந்துகூடப் பார்க்கவில்லை. எசமான் போன துக்கத்தில் வாயில்லா ஜீவனும் பட்டினி கிடக்கிறது என்று தெருவே உச்சுக்கொட்டியது. இப்போதோ துக்கமாவது ஒன்றாவது, கஞ்சியை நக்கித் தீர்த்துவிட்டுச் சட்டியை உருட்டிக்கொண்டிருந்தது.

லீமாரோஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காலையிலிருந்தே எதுவும் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கருவாடு, ஊறுகாய்னு குடுத்துருக்கீங்க, உடம்பெல்லாம் நீர் கோத்துக் கெடக்கு. உப்பக் கொறைங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?" என்று எரிந்து விழுந்தார். வீட்டுக்கு வந்தால் நாத்தனார் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஒரு வருசமா உப்பில்லாச் சோத்தப் போட்டே எந்தம்பியக் கொன்னுட்டியேடி" என்று அழுதாள். ஒரே நாளில் ஒருத்தி தலையில் எத்தனை பழியைத்தான் ஏற்றுவார்கள்? மாதா சத்தியமாக அவள் ஒரு கல் உப்பு போட்டதில்லை. அவர் கெஞ்சினார், தட்டைத் தள்ளினார், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்தார். அவள் மசியவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மனுஷர் அடங்கிப்போனார். அந்தச் சமயத்தில்தான் டைசனை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் வந்தார். வயதான நாய்க்குக் கிட்னி தளர்ந்துவிட்டது, கருவாடு ஆகாது, உப்பில்லாமல் குழைய வேகவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்றார்களாம்.

"நாய்க்குமா பத்தியம்? நாய் நாயாத் திங்கட்டும்" என்று அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"சரி, குடு. அதுக்கு நானே போட்டுக்கிறேன்" என்றார். அன்று முதல் தன் கஞ்சியையும் நாயின் கருவாட்டுக் கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார். இரண்டும் காலியாகத் திரும்பி வரும். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

மருமகள் லிண்டா பின்வாசலில் வந்து நின்றாள். "அத்தே, கோயில் உபதேசியார் கூப்புடுறாரு. பெட்டி மூடணுமாம். இங்கன என்ன செய்றீய?"

"இது கஞ்சி குடிக்குதுடி."

"எப்பயும் குடிக்கிறதுதான?"

"எப்பயுமா?"

"மாமா அதுக்குத்தான ஊத்துவாக." சொன்ன பிறகுதான் லிண்டாவுக்கு உறைத்தது. "ஒங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் விட்ருக்கீயன்னு நெனச்சேன்."

"அப்பக் கருவாட்ட யாரு தின்னா?"

லிண்டா தலையைக் குனிந்துகொண்டாள். "நா ஒருக்கா கேட்டேன், அத்தே. இவன் கெழவன், கருவாடு தின்னாச் செத்துப்போவான்னாக. ஒங்களுக்கும் அப்படித்தான மாமான்னேன். சிரிச்சாக."

லீமாரோஸ் நாயைப் பார்த்தாள். ரோமத்தில் மினுமினுப்புகூட வந்திருக்கிறது. அவள் பார்த்துப் பார்த்து ஆக்கிய பத்தியம் பலிக்காமல் போகவில்லை. நாய்க்காகத் தின்றாரா, நாக்குக்காகத் தின்றாரா? இவள்மேல் உள்ள வீம்பில் தின்றாரா? எதற்கென்று அழுவது, எதற்கென்று திட்டுவது? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"மூஞ்சிக்கு நேரா சொல்லிருந்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஆக்கிப் போட்ருப்பேனே" என்றாள்.

லிண்டா அவள் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள்.

பெட்டியை மூடுமுன் சொந்தங்கள் முத்தமிட்டு வழியனுப்பும் கடைசி முத்தி நடந்துகொண்டிருந்தது. மகன் சகாயவினோத் தகப்பனின் நெற்றியில் முத்தி செய்துவிட்டு விலகினான். உபதேசியார் லீமாரோஸுக்கு வழிவிட்டார். அவள் அலறிக்கொண்டு விழுவாள் என்று இரண்டு பெண்கள் தாங்கிப்பிடிக்க ஆயத்தமாக நின்றார்கள். அவள் அலறவில்லை. நெற்றிப் பக்கம் போகவும் இல்லை. ஜெபமாலை சுற்றியிருந்த வலது கையை மெல்லத் தூக்கி, விரல் நுனிகளை மூக்கோடு சேர்த்து வைத்து மூச்சை இழுத்தாள். குளிப்பாட்டிய சோப்பு வாசம் வந்தது, மேலே தெளித்த சென்ட் வாசம் வந்தது. நகக்கண்ணைத் திருப்பி வைத்து இன்னொரு முறை இழுத்தாள்.

"போதும்மா" என்றார் உபதேசியார்.

அவளுக்கு அடுத்து நின்ற நாத்தனார், தம்பியின் நெற்றிக்குக் குனியப் போனவள், தானும் அந்தக் கையையே எடுத்து முத்தி செய்தாள்.