சரியான விடை எழுதியோர்

"அலுவலகத்துக்கு இன்றியமையாதது. நாலு எழுத்து" என்று சூப்பிரண்டு உரக்கப் படித்தார். படித்த கையோடு, யாரையும் கேட்காமல், மைப்பேனாவால் 'அதிகாரி' என்று எழுதியும் முடித்தார். பக்கத்துக் கட்டிலில் வலது கையில் இரண்டு ஊசிகளோடு மல்லாந்து கிடந்த டெய்லர், கூரை விளக்கைப் பார்த்தபடியே "நாற்காலி சார்" என்றார்.

"ஏன், அதிகாரிக்கு என்ன குறைச்சல்? மூணாவது எழுத்து 'கா' வரணும். வந்திருக்குல்ல?"

"வந்திருக்கு சார். ஆனா முதல் கட்டத்துலேருந்து கீழ இறங்குறது 'நாடகம்'. அதை நீங்கதான் எழுதினீங்க."

சூப்பிரண்டு தான் எழுதிய 'அ'வைக் கொஞ்ச நேரம் முறைத்தார். அது 'நா'வாக மாறுகிற வழியாக இல்லை.

"அதிகாரி இல்லாமக்கூட ஆபீஸ் நடக்கும் சார். நாற்காலி இல்லாம எப்படி?" என்றார் டெய்லர், மிகுந்த மரியாதையோடு. ரத்த அழுத்தம் பார்க்க வந்த சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சூப்பிரண்டு சிரிக்கவில்லை. அடித்துத் திருத்தி, திருத்திய இடத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். முப்பத்திரண்டு வருடப் பழக்கம்.

வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பதவிதான் அவரிடமிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. டயாலிசிஸ் அறைக்கும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில்தான் வருவார். இடது கைப் பகுதியை மட்டும் மடித்து விட்டுக்கொண்டு, ஏதோ கோப்பில் ஒப்புதல் தருகிறவர் போல ஊசிக்குக் கையை நீட்டுவார். எட்டுக் கட்டில்கள் உள்ள அறை அது. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஆள் உயர இயந்திரம் ஒன்று. உடம்பிலிருந்து ரத்தத்தை வாங்கி, அலசி, திருப்பித் தரும். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். படுப்பதற்கு முன் எடை, எழுந்த பின் எடை. இரண்டு நாளில் எத்தனை டம்ளர் தண்ணீர் திருட்டுத்தனமாகக் குடித்தோம் என்று அந்த முள் எல்லார் முன்னாலும் சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் குறுக்கெழுத்தை இருவரும் திங்கட்கிழமை போடுவார்கள். 'இருவரும்' என்பது டெய்லரின் கணக்கு. சூப்பிரண்டின் கணக்கில், போடுவது அவர். பக்கத்தில் ஒருவர் படுத்திருக்கிறார்.

டெய்லர் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அவருக்கு வார்த்தை வந்த வழியே வேறு. முப்பது வருடமாகப் பழைய பத்திரிகைத் தாளில்தான் அளவு வெட்டுவார். முன்பாகம், முதுகு, கை, கழுத்துப்பட்டை என்று தாள் துண்டுகள் ஆணியில் மாட்டியிருக்கும். ஒரு வாடிக்கைக்காரரின் கைப்பகுதியில் பாதிக் குறுக்கெழுத்து இருக்கும்; மீதிப் பாதி இன்னொருவரின் முதுகில் போயிருக்கும். மிஷினை மிதித்துக்கொண்டே இருக்கிற பாதியை மனசுக்குள் போடுவார். குறிப்பு இல்லாமல் கட்டம் மட்டும் கிடைத்த நாட்களும் உண்டு. அப்படிப் பழகியவருக்கு முழுக் கட்டமும் முழுக் குறிப்பும் கிடைத்தால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. சில குறிப்புகளில் 'வலமிருந்து இடம்' என்று போட்டிருப்பான். வார்த்தையைத் திருப்பி எழுத வேண்டும். சூப்பிரண்டுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "நேர்மையான மனுஷன் நேராத்தான்யா எழுதுவான்" என்று இடமிருந்து வலமாகவே எழுதி, அந்த மூலை முழுவதையும் பாழாக்குவார். டெய்லருக்கு வார்த்தையைத் திருப்பிப் போடுவது ஒரு பொருட்டே இல்லை; எழுத்தெழுத்தாகச் சொல்லித் திருத்த வைப்பார். தையல்காரன் துணியை எப்போதும் உள்பக்கம் வெளியே இருக்கத்தான் பார்க்கிறான்.

அவரும் சறுக்கியிருக்கிறார். 'எப்போதும் கூடவே வரும், மூன்றெழுத்து' என்றதற்கு யோசிக்காமல் 'சட்டை' என்றார். நிழல் என்று பிறகு தெரிந்தபோது சூப்பிரண்டுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அறைக்கு வருகிற டாக்டர், தண்ணீர் சுத்திகரிப்பவர், தரை துடைக்கிற அம்மா, ஒருவர் பாக்கியில்லை. "நம்ம டெய்லரைக் கேளுங்க, கூடவே வர்றது சட்டையாம்!"

எழுதுவதற்கு மட்டும் டெய்லரால் ஆகாது. டயாலிசிஸ் ஊசிக்காக முதலில் இடது கையில் போட்ட இணைப்பு அடைத்துக்கொண்டதால், வலது முழங்கைக்குக் கீழே ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தையல் சுத்தமான தையல், தொழிலாளி என்ற முறையில் அவரே பாராட்டினார். ஆனால் விரல்களுக்குப் போக வேண்டிய ரத்தத்தை அந்த இணைப்பு பாதி வழியிலேயே வாங்கிக்கொண்டது. விரல்கள் எப்போதும் சில்லிட்டு மரத்துக் கிடந்தன. ஊசி நிற்கவில்லை, கத்தரி நிற்கவில்லை, பேனாவும் நிற்கவில்லை. கடையை மூடினார். பெயர்ப் பலகையைக் கழற்றி வந்து அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

ஆக, ஒருவரிடம் வார்த்தை இருந்தது, இன்னொருவரிடம் கை இருந்தது. உலகத்தில் பெயர் வாங்குவது எப்போதும் கைதானே. இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகையில் 'சரியான விடை எழுதியோர்' என்ற தலைப்பின் கீழே சூப்பிரண்டின் பெயர் வரும். அதை வெட்டி, சட்டைப் பையிலிருந்து எடுத்து டாக்டரிடம் நீட்டுவார். "இந்த வாரமும் வந்துடுச்சு டாக்டர்." டாக்டர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "வெரி குட். தண்ணியைக் குறைங்க" என்பார்.

டெய்லர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மனைவி அந்தக் கேள்வியைக் கேட்கும் வரை. பேருந்தில் ஒரு நாள், சும்மா கிடக்கவில்லை என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், "அதுல வர்ற விடையெல்லாம் நான் சொல்றதுதான் தெரியுமா?" என்றார்.

"அப்படியா? அப்ப பேரு மட்டும் ஏன் அவரோடது வருது?"

"எழுதறது அவருல்ல."

"சரி சரி" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த இரண்டாவது 'சரி'தான் குத்தியது. நோயாளி எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற 'சரி' அது. கால் வீங்கவில்லை என்றாலும், நன்றாகத் தூங்கினேன் என்றாலும் அதே 'சரி'. கடை இருந்த காலத்தில் இந்த 'சரி' இருந்ததில்லை, எதிர்த்துப் பேசுவாள்.

அடுத்த திங்கட்கிழமை டெய்லர் கேட்டுவிட்டார். "சார், ஒரே ஒரு தடவை என் பேர்ல அனுப்பலாமா?"

சூப்பிரண்டு பேனாவை மூடினார். மனுக்களைக் கையாண்டு பழகியவர். "பார்க்கலாம்" என்றார். அடுத்த வாரமும் "பார்க்கலாம்" என்றார். மூன்றாவது வாரம், தானே நினைத்துக்கொண்டவர் போல, "இன்னிக்கு உங்க பேர்லயே அனுப்பிடுவோம். உங்க பேரு என்ன?" என்றார். ஒன்றரை வருடமாக ஒரு கை நீள தூரத்தில் படுத்திருக்கிறார்கள். டெய்லர் சொன்னார். இனிஷியலோடு சொன்னார். சூப்பிரண்டு அதைப் பத்திரிகையின் கோடிட்ட இடத்தில் முத்து முத்தாக எழுதியதை, கழுத்தை எக்கி, கடைசி எழுத்து வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கட்டம் சுலபமாக வந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. அப்போதுதான் சூப்பிரண்டின் முகம் வெளுத்தது. இயந்திரம் கத்தத் தொடங்கியது. சிஸ்டர் ஓடி வருவதற்குள், அந்த இஸ்திரி போட்ட சட்டை முழுக்க வாந்தி எடுத்திருந்தார். கால் பக்கத்தை உயர்த்தினார்கள், குழாயில் உப்புநீர் ஏற்றினார்கள். படுக்கை விரிப்பு வேறு விதமாகவும் நனைந்திருந்தது. திரையை இழுப்பதற்கு நேரமில்லை. சட்டையை ஒரு பக்கம் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. ஏழு கட்டிலிலிருந்தும் ஆட்கள் கூரையைப் பார்த்தார்கள். அந்த அறையில் மரியாதை என்பது அவ்வளவுதான். டெய்லரும் கூரையைத்தான் பார்த்தார். நல்ல துணி, வெட்டிவிட்டார்களே என்று நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

அரை மணி கழித்து, முதுகில் நாடா கட்டிய ஆஸ்பத்திரி அங்கியில், சூப்பிரண்டு மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. பத்திரிகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"போனால் திரும்பாது. மூணு எழுத்து. கடைசி எழுத்து 'ம்'" என்று படித்தார். குரல் உள்ளே போயிருந்தது. முதல் இரண்டு கட்டத்தையும் குறுக்கே வெட்டும் வார்த்தை எதுவும் இல்லை. எது வேண்டுமானாலும் வரலாம்.

டெய்லரின் நாக்கு நுனியில் வார்த்தை வந்து நின்றது. காலம். இந்த மாதிரிக் குறிப்பு எழுதுகிறவனுக்கு வேறு எதுவும் தோன்றாது; சந்தேகமே இல்லை.

"மானம்" என்றார் சூப்பிரண்டு. எழுதவில்லை. பேனாவைக் கட்டத்தின் மேல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் கேட்டு எழுதக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. "போனா வருமா டெய்லர்? நீங்களே சொல்லுங்க."

வரும் சார், என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இங்க வர்ற அன்னிக்கெல்லாம் போகுது, எடை பார்க்கிற இடத்திலேயே போகுது, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வந்துடுது. அங்கியின் கழுத்துப் பக்கம் நாடா சரியாக முடியப்படாமல், நரைத்த ரோமத்தோடு தோள் ஒன்று வெளியே தெரிந்தது. அந்த அங்கியின் வெட்டே சரியில்லை. எவனோ அளவு எடுக்காமல் தைத்தது.

"வராது சார். அதேதான். மானம்" என்றார் டெய்லர்.

சூப்பிரண்டு மூன்று கட்டத்திலும் அழுத்தமாக எழுதினார். புதன்கிழமை வந்து "தபால்ல போட்டாச்சு. வந்துடும், கவலைப்படாதீங்க" என்றார். வெள்ளிக்கிழமை வரவில்லை. அந்த அறையில் வராதவர்களைப் பற்றிக் கேட்கிற வழக்கம் இல்லை. சிஸ்டரே ஊசியை ஒட்டும்போது, "அவர் ஷிஃப்ட் மாறிட்டாருண்ணே" என்றாள், பிளாஸ்டரைப் பார்த்தபடி. அடுத்த திங்கட்கிழமை அந்தக் கட்டிலில் புதிதாக ஒருவர் படுத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டெய்லர் இதை வீட்டில் ஒரே வரியில் சொன்னார். இன்னொரு வரியையும் சேர்த்துச் சொன்னார். அதுதான் தப்பு. "போறதுக்கு முன்னால என் பேர்ல அனுப்பிட்டுத்தான் போனாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை வரும் பாரு."

இந்தத் தடவை அவள் 'சரி' என்று சொல்லவில்லை. "எந்தப் பத்திரிகை?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவளே கடைக்குப் போய் வாங்கி வந்தாள். கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் அவள் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் தரையில் விரித்து, இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டாள். அவருக்கு நாற்காலியிலிருந்தே விடைக் கட்டம் தெரிந்தது. கடைசி வரிசையில் பார்த்தார். காலம்.

அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. அவளுக்கு விடை வேண்டாம், பெயர்தான் வேண்டும். ஆள்காட்டி விரலை முதல் பெயரில் வைத்து, எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படித்தாள். பொடி எழுத்தில் நாலு பத்திகள். முதல் பத்தி முடிந்தது. இரண்டாவது முடிந்தது.

சொல்லிவிடலாம். நான் நினைச்சதுதான் சரி, அந்த மனுஷன்தான் கெடுத்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதுவும் உண்மைதான். அவர் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க, விட்டுடப் போறேன்" என்றாள்.

நாலாவது பத்தியின் அடியில் விரல் நின்றது. தாளைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஏதோ கட்டில் விளம்பரம். திரும்ப விரித்து, கசங்கலை உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். "எழுத்து ரொம்பச் சின்னதா போட்டிருக்கான். எங்கியோ தாண்டிட்டேன் போல" என்று புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதல் பெயரில் விரலை வைத்தாள்.