பச்சைக் கோடு போட்ட ஸ்வெட்டர்

குழியிலிருந்து எடுத்த துணிகளைப் பள்ளிக்கூட முற்றத்தில் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். ராணுவம் சுட்டுப் புதைத்தவர்களை எலும்பைப் பார்த்து அடையாளம் சொல்ல, பெரு நாட்டின் அயகூச்சோ மலைப் பெண்களில் யாருக்கு வரும்? அவர்களுக்குத் தாங்கள் பின்னிய கம்பளிதான் தெரியும்.

பச்சைக் கோடு போட்ட ஸ்வெட்டர் முன்னால் மாக்சிமா பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ உர்சுலா! உங்கப்பாடீ! கெடச்சுட்டாருடீ! இத்தன வருசமா எங்கய்யா ஒளிஞ்சிருந்தே, படுபாவி மனுசா?"

அப்பாவைத் தேடி எடுக்கத்தான் மகள் உர்சுலா பல்கலைக்கழகத்தில் தொல்லியலும் மானிடவியலும் படிக்கப் போனாள். சொந்த ஊர்க் குழியில் கைவைக்காதே என்று பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டதையும் கேட்காமல், அந்த ஸ்வெட்டருக்குள் கிடந்தவரை அவளே தூரிகையால் மண் துடைத்து எடுத்தாள். தொடை எலும்பின் முனை ஒட்டாமல் தனியாக வந்தது. வளர்ந்து முடிந்த ஆளுக்கு அப்படி வராது. முதல் வருடப் பாடம் அது. அதைப் படித்துத் தொலைத்ததற்காகத் தன்னையே சபித்துக்கொண்டாள்.

அதே கம்பளியில் அம்மா இரண்டு பின்னியிருந்தாள். ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்று அண்ணன் எலோய்க்கு. ராணுவம் அப்பாவை இழுத்துப் போன அன்று அண்ணன் தலைநகர் லிமாவுக்குத் தப்பி ஓடிவிட்டான் என்பது அம்மாவின் நம்பிக்கை. "தொரைக்குப் பெத்தவ ஞாபகம் எங்க வரப்போவுது" என்று வருடம் முழுக்கத் திட்டுவாள். உருளைக்கிழங்கு அவிக்கும்போது மட்டும் அவனுக்கும் சேர்த்து அவிப்பாள்.

"செத்தவங்க துணிய அஞ்சாம் நாளு ஆத்துல அலசணும். அலசாமலே கெடக்காரே பாவி. உங்க வாத்தியார்ட்ட கேளுடீ, அலசிட்டுத் திருப்பித் தந்துடுறேன்னு."

"அம்மா..." என்று உர்சுலா அவள் பக்கத்தில் குந்தினாள்.

மாக்சிமா மண்ணைத் தட்டி ஸ்வெட்டரின் கையை நீவினாள். அது இரண்டு மடிப்பாக மேலே மடித்துவிடப்பட்டிருந்தது. அடுத்த கையைப் பார்த்தாள். அதுவும் அப்படியே. விரல் நின்றுவிட்டது.

"உங்கப்பாவுக்குக் கை நீளம்டீ. எதப் போட்டாலும் எட்டாது."

மாக்சிமா மடிப்பை விரலால் தடவினாள்.

"வளர்ற புள்ளயாச்சேன்னு பெருசாப் பின்னிட்டேன். தொளதொளன்னு இருக்குன்னு ஒரே அழுகை. மடிச்சுவிட்டது நாந்தான்." நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

மாக்சிமா மடிப்பைப் பிரிக்கவில்லை. ஸ்வெட்டரை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

"எட்டிப் பாக்காதவன்னு என்ன பேச்செல்லாம் பேசினேன்டீ. ஊரவிட்டே போவலையே எம்புள்ள."